குண்டூசிச் சத்தம்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பள்ளியில் ஐந்தாம் ஆண்டு முழுக்க மற்றவர்கள் பெயரையெல்லாம் கரும்பலகையில் என்னை எழுதவைத்தவர் அவர். நான் எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் அடி விழுந்தது. அவர் பெயர் மட்டும் என் கையால் எங்கேயும் எழுதப்படாமல் போகட்டும். சார் என்றே சொல்கிறேன். அதுவும் மரியாதையால் இல்லை, வாய்ப் பழக்கம்.

கிள்ளானில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியர் அவர்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்து நிறையப் பவுடர், சட்டைக் காலரின் மடிப்புக்குள் ஒரு குண்டூசி. தையல்காரர்கள் குத்திவைத்திருப்பார்களே, அந்த மாதிரி. வகுப்புக்குள் வந்ததும் எதுவும் பேசமாட்டார். காலரிலிருந்து ஊசியை உருவுவார், மேசை உயரத்துக்குப் பிடிப்பார், கீழே விடுவார். குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கணும் என்று எல்லா வாத்தியார்களும்தான் சொல்வார்கள். சொல்வதோடு விட்டுவிடுவார்கள். இவர் நிஜமாகவே போட்டுப் பார்ப்பார்.

நான் மொனிட்டர், வகுப்புத் தலைவி. விழுந்த ஊசியைக் குனிந்து எடுத்து, பாவாடையில் துடைத்து, அவர் கையில் கொடுப்பது என் வேலை. கண்ணால் தேடினால் நேரமாகும், நேரமானால் திட்டு விழும். அதனால் சத்தத்தை வைத்தே இடத்தைப் பிடித்துவிடுவேன். சிமெண்டுத் தரையில் சின்னதாக ஒரு 'டிக்'. எந்தக் கோவிலிலும் சத்தியம் செய்வேன், ஒரு நாள்கூட அந்தச் சத்தம் எனக்குக் கேட்காமல் இருந்ததில்லை. முன்வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்.

சார் எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்ப்பார். "கேக்கல," என்பார்.

அவ்வளவுதான். "யாரோ பேசியிருக்கான். அதான் எனக்குக் கேக்கல. மொனிட்டர், பேரை எழுது."

யாரும் பேசவில்லை. யார் பெயரை எழுதுவது? முதல் வாரம் அழுதேன். இரண்டாவது வாரம் இடைவேளையில் எல்லாரும் கேண்டீன் பின்னால் உட்கார்ந்து ஒரு முறை வைத்துக்கொண்டோம். இன்றைக்கு நீ, நாளைக்கு அவன், பெண்கள் தனி வரிசை, காய்ச்சல் வந்தவனுக்கு ஒரு வாரம் விடுப்பு. கோவில் உபயத்துக்கு முறை போடுவதுபோல் அடிக்கு முறை போட்டோம். பத்து வயதுப் பிள்ளைகள் நாங்கள்! அந்த முறையை நான் நோட்டில் எழுதிவைத்து ஒழுங்காக நடத்தினேன். ஒழுங்கைத்தான் அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தாராமே, கற்றுக்கொண்டோம்.

இன்னும் சில பழக்கங்கள் அவருக்கு. பேசுபவன் நேராக நின்று அவர் முகத்தைப் பார்த்தே பேசவேண்டும். தலையைக் குனிந்து பேசினால் பிரம்பு. "மூஞ்சியப் பாத்துப் பேசு. அதான் மரியாதை." பின்வரிசையிலிருந்து எவனாவது எதையாவது சொன்னால், முன்னால் வரவைத்து மறுபடி சொல்லச் சொல்வார். ஏன் என்று கேட்பது அவருக்கு ஆகவே ஆகாது. "கேள்வி கேக்குற வயசு வரும்போது கேளு. இப்ப வாய மூடு," என்பார். அந்த வயது எது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெற்றோர்களுக்கு அவரைக் கண்டால் சாமியைக் கண்ட மாதிரி. "சார் கிளாஸ்ல ஈ எறும்பு சத்தம் வராதுலா," என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்னொரு பொய்ச்சாட்சி ஆகிப்போகும். மழை நாட்களில் கடைசிப் பிள்ளையின் வேன் வரும்வரை வாசலில் குடையோடு நிற்பார். என் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருப்பதற்கும் அவர்தான் காரணம். இந்த இரண்டையும் நினைத்து அவர்மேல் இருக்கும் கோபத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு துளி குறையவில்லை.

என் தம்பியும் அதே வகுப்பு. இரட்டைப் பிள்ளைகள் நாங்கள், பத்து நிமிஷம் பின்னால் வந்தவன் சரவணன். ஒரு புதன்கிழமை அவன் முறை. ஊசி விழுந்தது, 'டிக்' என்றது, சார் "கேக்கல" என்றார், நான் எழுந்துபோய் என் தம்பியின் பெயரை அழகான கையெழுத்தில் எழுதினேன். அவனும் எழுந்து வந்தான். கையை நீட்டவேண்டியவன், என்ன நினைத்தானோ, நீட்டவில்லை. அவர் சொல்லிக்கொடுத்தபடியே நேராக நின்று அவர் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"நான் பேசல சார். ஊசி விழுந்தது எனக்குக் கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"

திமிராகக் கேட்கவில்லை. அவனுக்கு அந்த வயதில் திமிர் என்றால் என்னவென்றே தெரியாது. உடம்பு சரியில்லையா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

சாரின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். கோபத்தில் சிவக்கும் என்று நினைத்திருந்தேன், வெளுத்தது. அடுத்த நொடி அவர் கை தம்பியின் இடது காதோடு சேர்த்து விழுந்தது. அவன் மேசைமேல் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். காதிலிருந்து மெல்லிய ஒரு கோடு ரத்தம் காலர்வரை வந்தது.

மணி அடித்ததும் சார் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "ஓடிப்போய் விழுந்தான். வீட்ல அதான் சொல்லணும். நீ மொனிட்டர், நீ சொன்னாத்தான் நம்புவாங்க," என்றார். "சரிங்க சார்," என்றேன். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

வீட்டில் தம்பி உண்மையைச் சொன்னான். அம்மா நம்பவில்லை. என் பக்கம் திரும்பி, "நெசமாடி? சார் அடிச்சாரா?" என்று கேட்டார். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா. ஓடி விழுந்தான்."

எங்கள் அம்மா அதட்டத் தெரியாதவர். குரலே எழும்பாது. பாசாரில் மீன்காரன் இரண்டு தடவை "என்னக்கா?" என்று கேட்பான். அந்த அம்மா அன்றைக்கு, சாரைப் பற்றிப் பொய் சொன்னதற்காக, அடிபட்டு வந்தவனை இன்னும் ஒன்று அடித்தார். மறுநாள் காலையில் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். முறுக்கு ஒரு டப்பா வேறு. எல்லாரும் பார்க்க வாசலிலேயே, "சார் கால்ல விழுடா," என்றார். காதில் பஞ்சோடு தம்பி விழுந்தான்.

சார் டப்பாவை வாங்கிக்கொண்டு சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "பரவாலம்மா. சின்னப் பையன்தானே. நான் மன்னிச்சிட்டேன்."

மன்னித்துவிட்டாராம்!

பூண்டு எண்ணெய் விட்டுப் பார்த்தார் அம்மா. சீழ் வைத்து, டாக்டரிடம் போகும்போது தாமதமாகிவிட்டது. அந்தக் காது போனது போனதுதான். போலீஸ் ஆகவேண்டும் என்றே வளர்ந்தவன் சரவணன். உடற்பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கிடங்கில் சரக்கு எண்ணுகிறான். யார் பேசினாலும் வலது காதை அவர்கள் பக்கம் திருப்பிக்கொள்வான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா, "ஓடாதடா ஓடாதடான்னு சொன்னேன், கேட்டானா?" என்பார். முப்பது வருடத்துக்குப் பக்கம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தம்பி என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை, மொனிட்டர் என்பான். கேலி என்றே எடுத்துக்கொண்டேன்.

நான் படித்து எடுத்த வேலை காது பரிசோதனை. ஏன் அதை எடுத்தேன் என்று யாரும் கேட்டதில்லை. பிரிக்பீல்ட்ஸில் மாடியில் ஒரு சின்ன மையம். கேட்கும் திறனைச் சோதித்து, காதுக் கருவி பொருத்தி, அதைச் சரிசெய்து கொடுப்போம். போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மகள் கையைப் பிடித்துக்கொண்டு சார் படியேறி வந்தார்.

எழுபதைத் தாண்டிவிட்டார். வெள்ளைச் சட்டை, பவுடர், எல்லாம் அப்படியே. காலரைப் பார்த்தேன், ஊசி இல்லை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. என் பெயருக்குப் பின்னால் இப்போது கணவர் பெயர், முகத்தில் கண்ணாடி.

"அப்பாவுக்கு டிவி சத்தம் அதிகமா வைக்கணும் மிஸ். சுபாங் ஜெயா முழுக்கக் கேக்குது," என்றார் மகள்.

சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தேன். "சத்தம் கேட்டா மட்டும் அமுத்துங்க சார். சின்னச் சத்தமா இருந்தாலும் அமுத்துங்க." தலையாட்டினார். நான் சொல்ல, அவர் தலையாட்ட! என் பக்கத்தில் ஒரு குமிழ் இருந்தது. அதைத் திருப்பினால் ஒரே நொடியில் மண்டை கிழியும் சத்தத்தை அந்தக் காதுக்குள் அனுப்பலாம். என் விரல் அதன்மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பொய் சொல்லமாட்டேன், ஆசையாக இருந்தது.

ஆனால் அவர் செய்த ஒரு காரியம் என் கையை நிறுத்திவிட்டது. நான் சத்தமே அனுப்பவில்லை, அவர் பொத்தானை அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். கண்ணாடி வழியாக என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! கை அசைந்தால் அமுக்குகிறார். ஒரு நோட்டைத் தூக்கி என் கையை மறைத்தேன். பொத்தான் அடங்கிப்போனது. மெல்லிய கூர்மையான சத்தங்கள் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. ஒன்றுகூட.

வெளியே வந்ததும் படிவத்தை நிரப்பினேன். எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டேன். "இப்பத்தான், ரெண்டு மூணு வருஷம்," என்றார்.

"அப்பா, டாக்டர்கிட்ட மறைக்கிற மாதிரி இவங்ககிட்டயும் மறைக்காதீங்க," என்று மகள் சலித்துக்கொண்டார்.

சார் சிரித்தார். "நெசத்தச் சொன்னா, இருபத்தஞ்சு வயசுலேர்ந்தேம்மா. காசநோய் வந்து ஊசியாப் போட்டாங்க, அந்த மருந்து காதக் கெடுத்துடுச்சு. அதுக்கப்புறம் கொசு சத்தம், குருவி சத்தம் ஒண்ணும் கேக்காது. ஆளுங்க பேசுறது கேக்கும். வாயப் பாத்துச் சமாளிச்சுக்குவேன்."

"வேலை பாத்த இடத்துல சொல்லலையா சார்?"

"சொன்னா? செவிட்டு வாத்தியார்னு பசங்க சிரிக்கமாட்டானுங்க? ஒருத்தனும் கண்டுபிடிக்கலயே!" அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை.

ஒருத்தன் கண்டுபிடித்தான். பத்து வயதில் கண்டுபிடித்தான். அந்த ஊசி விழும் சத்தத்தை அந்த ஆள் ஒரு நாள்கூடக் கேட்டதே இல்லை. கேட்காத ஒன்றை வைத்து எங்கள் அத்தனை பேரையும் அடித்திருக்கிறார். மூஞ்சியைப் பார்த்துப் பேசு என்றதும் மரியாதைக்கு இல்லை. பாவி மனுஷா, காது கேட்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் உனக்காகக் கத்தியே பேசியிருப்போமே!

அன்று மாலை தம்பியைக் கிள்ளானில் ரொட்டி சானாய் கடைக்கு வரச்சொல்லி எல்லாவற்றையும் கொட்டினேன். பழிவாங்கலாம், புகார் எழுதலாம், அவர் மகளிடம் சொல்லி நாறடிக்கலாம் என்று என்னென்னவோ பேசினேன். அவன் வலது காதை என் பக்கம் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டான்.

"அவரு அடிச்சப்ப நான் அழுவல, மொனிட்டர்," என்றான். "அம்மா உன்னைக் கேட்டாங்கல்ல, அப்பதான் அழுதேன்."

கிளாஸில் இருந்த தேத்தாரே டீ ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது. என் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"அவருக்குப் பயந்து சொன்னேன்டா."

"தெரியும். பத்து வயசு. ஆனா அப்புறம் உனக்கு இருபது வந்துச்சு, முப்பது வந்துச்சு. மொதல்ல அம்மாகிட்ட சொல்லு. அவர அப்புறம் பாத்துக்கலாம்."

சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். "கையப் புடிச்சில்லடி இழுத்துட்டுப் போனேன்," என்றார். "கால்ல விழ வச்சேனே." இரண்டு நாள் நான் கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கிக் குடிக்கவில்லை. எனக்கு அது வேண்டியதுதான். மூன்றாம் நாள் அவராகவே, "அந்த வாத்தியார் மறுபடி எப்ப வராரு?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் கருவி பொருத்த வருவார், அதற்கு இரண்டு வாரம் கழித்துச் சரிபார்க்க வருவார் என்றேன். பொருத்துகிற அன்று நான் அவருக்கு ஒன்றரை மணி நேரம் செலவழித்தேன். இந்த வேலையில் இத்தனை வருடத்தில் எவருக்கும் அவ்வளவு கவனமாகச் சரிசெய்ததில்லை. மெல்லிய குரல், கூர்மையான சத்தம், எதுவும் தப்பக்கூடாது. என் அம்மாவின் குரலை நினைத்து, அந்த அளவுக்கு வைத்தேன். அவர் மகள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். இதுதான் என் பழி என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவரை ஒருபோதும் 'கேக்கல' என்று சொல்லமுடியாதவராக ஆக்கிக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு எட்டு வயது. பெரியவர்கள் வந்தால் எழுந்து நில், வணக்கம் சொல், சொன்னதைச் செய் என்றுதான் அவளையும் வளர்க்கிறேன். கூடவே இன்னொன்றும் சொல்லிவைத்திருக்கிறேன்: உன் காதுக்குக் கேட்டதை ஒருத்தர் கேட்கவில்லை என்று சொல்லச் சொன்னால், அவர் யாராக இருந்தாலும் என்னிடம் வந்து சொல். நான் உன்னை முதலில் நம்புவேன்.

இரண்டு வாரம் கழித்துச் சார் மகளோடு வந்தார். முதலில் என் வேலையைச் செய்தேன். வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் பத்துச் சொற்கள் சொன்னேன். பால், கண், மீன், படி. பத்தையும் திருப்பிச் சொன்னார், குழந்தை மாதிரி சந்தோஷமாக. கணினியில் இரண்டு கருவிக்கும் பச்சை விளக்கு எரிந்தது.

அப்புறம் கதவைத் திறந்து அம்மாவையும் தம்பியையும் உள்ளே கூப்பிட்டேன். இதற்காக வேலை போகும் என்றால் போகட்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

"சார், இவங்க எங்கம்மா. இவன் என் தம்பி சரவணன். நான் உங்க மொனிட்டர்."

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தம்பி வலது காதை அவர் பக்கம் திருப்பி நின்றதைப் பார்த்ததும் அந்த முகம் வெளுத்தது. அதே வெளுப்பு. அம்மா அவருக்கு எதிரில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மீன்காரனுக்கே கேட்காத அந்தக் குரலில் கேட்டார்.

"அன்னிக்கு என் புள்ள ஓடி விழுந்தானா சார், இல்ல நீங்க அடிச்சீங்களா?"

சார் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை எடுத்துக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டார்.

"என்னம்மா? கேக்கலையே."

"அப்பா, இப்பத்தானே எல்லாம் கேட்டுச்சுன்னீங்க?" என்றார் மகள்.

"இல்லம்மா. கேக்கல."

என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சரவணன் சுவரிலிருந்த அறிவிப்புப் பலகைக்குப் போனான். அதில் குத்தியிருந்த ஒரு குண்டூசியை உருவினான். காகிதம் ஒன்று சரிந்து தொங்கியது. சாரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, மேசை உயரத்துக்குப் பிடித்து, விட்டான்.

டைல்ஸ் தரையில் 'டிக்' என்றது.

சாரின் தலை வெடுக்கென்று பின்னால் திரும்பியது. ஊசி கிடந்த இடத்துக்கே நேராகத் திரும்பியது. காதுக்குப் பின்னால் குவித்த கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அவர் மகள் அதைப் பார்த்தார், நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பழக்கதோஷமோ என்னவோ, அடுத்து அவர் என்னைப் பார்த்தார். நான் குனியவில்லை.

"கேட்டுச்சுல்ல சார்," என்றார் அம்மா, அதே மெல்லிய குரலில். "இப்ப சொல்லுங்க."